மண்புழுவின் சொந்தங்கள்

மீன்தொட்டிக் கடைகளில் உயிரோடு விற்கும் மெல்லிய சிவப்பு டியூபிஃபெக்ஸ் புழு, தோட்டத்து மண்புழு, வால்பாறைக் காட்டில் மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டை. இந்த மூன்றில் மற்ற இரண்டோடு ஒட்டாதது எது என்று கேட்டால் யாரும் அட்டையைத்தான் காட்டுவார்கள். பள்ளி விலங்கியலும் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தது. உடம்பில் நிறைய முட்கள் உள்ள கடற்புழுக்கள் பாலிகீட்டா. சில முட்கள் மட்டுமே உள்ள மண்புழுவும் டியூபிஃபெக்ஸும் ஆலிகோகீட்டா. முள்ளே இல்லாத அட்டை ஹிருடினியா. வளைதசைப் புழுக்கள் என்ற தொகுதிக்கு இப்படி மூன்று வகுப்புகள். மனப்பாடம் செய்ய வசதி, தேர்வில் எழுத வசதி.

டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தால் விடை மாறிவிடுகிறது. மூன்றில் விலகி நிற்பது டியூபிஃபெக்ஸ். மண்புழுவுக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் ரத்தம் குடிக்கும் அட்டைதான்.

இந்த முடிவுக்கு வர விலங்கியலுக்கு இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. அதன் சில பகுதிகள் இன்றும் விவாதத்தில் இருக்கின்றன. விவாதம் எதைப் பற்றியது என்று புரிய, முதலில் மண்புழுவின் உடம்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு விலங்கியலில் வரும் லாம்பிட்டோ மாரிட்டியையே எடுத்துக்கொள்வோம். நம் வயல்களில் சாதாரணமாகக் கிடைக்கும் புழு. நீளம் 8 முதல் 21 சென்டிமீட்டர். உடம்பு 165 முதல் 190 வளையங்களால் ஆனது. ஒவ்வொரு வளையத்துக்கும் கண்டம் என்று பெயர். உள்ளே உணவுக்குழல், வெளியே தசைச்சுவர், இரண்டுக்கும் நடுவே திரவம். அந்தத் திரவம் கண்டத்துக்குக் கண்டம் தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்டிருக்கிறது. எலும்பில்லாத இந்த விலங்குக்கு அந்தத் திரவத்தின் அழுத்தமே எலும்புக்கூடு. வட்டத் தசைகள் சுருங்கினால் அந்தக் கண்டங்கள் மெலிந்து நீள்கின்றன; நீளத் தசைகள் சுருங்கினால் தடித்துக் குறுகுகின்றன. தடித்த இடத்தில் நுண்ணிய முட்கள் வெளியே நீண்டு மண்ணைப் பற்றிக்கொள்ள, மெலிந்த பகுதி முன்னே போகிறது. கண்டங்களுக்கு நடுவே தடுப்புகள் இருப்பதால்தான் ஒரு பகுதி நீளும் அதே நேரத்தில் இன்னொரு பகுதி ஊன்றி நிற்க முடிகிறது.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே போகிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். ரத்தம் சிவப்புதான், ஆனால் அதில் சிவப்பணுக்கள் இல்லை. ஹீமோகுளோபின் ரத்தத் திரவத்திலேயே கரைந்திருக்கிறது. அந்த மூலக்கூறின் அளவு வியக்க வைப்பது. மனித ஹீமோகுளோபினில் 4 புரதச் சங்கிலிகள். ஐரோப்பிய மண்புழுவான லம்பிரிகஸின் ஹீமோகுளோபினில் 144 குளோபின் சங்கிலிகள் அறுகோண வடிவில் இரண்டு அடுக்காக அமைந்திருக்கின்றன. எடை நம்முடையதைப் போல ஐம்பது மடங்குக்கும் அதிகம். இந்த ராட்சத மூலக்கூறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலடியில் அதை மறுபடி பார்ப்போம்.

மண்புழுவின் உடம்பில் எனக்கு எல்லாவற்றையும்விட அதிசயமாகத் தெரிவது கிளைட்டெல்லம். முதிர்ந்த புழுவின் முன்பகுதியில் கொஞ்சம் தடித்து, நிறம் மாறித் தெரியும் பட்டை அது. லாம்பிட்டோவில் 14 முதல் 17 வரையான கண்டங்கள். ஒவ்வொரு மண்புழுவும் ஆணும் பெண்ணுமாகவே இருக்கிறது. இரண்டு புழுக்கள் எதிரெதிர்த் திசையில் ஒட்டிக் கிடந்து விந்தணுக்களைப் பரிமாறிக்கொண்டு பிரிந்துவிடும். வாங்கிய விந்து தனிப் பைகளில் சேமிப்பில் இருக்கும். பிறகு கிளைட்டெல்லம் தன்னைச் சுற்றி ஒரு குழைவான வளையத்தைச் சுரக்கிறது. உள்ளே குஞ்சுக்கு ஆகாரமாகப் புரதக் கூழ். அந்த வளையத்திலிருந்து புழு தன்னைப் பின்பக்கமாக உருவிக்கொள்ளும். வளையம் தலையை நோக்கி நகரும் வழியில் பெண் துளையிலிருந்து முட்டைகளையும், சேமிப்புப் பைகளிலிருந்து விந்தையும் வாங்கிக்கொள்கிறது. தலையைத் தாண்டி வெளியே வந்ததும் இரு முனைகளும் மூடிக்கொள்ள, மண்ணில் ஒரு கூடு கிடக்கும். கருவுறுதல் நடப்பது தாயின் உடம்புக்கு வெளியே, அந்தக் கூட்டுக்குள்.

இந்தக் கூடு எவ்வளவு உறுதியானது என்பதற்கு அண்டார்டிகாவில் ஒரு சாட்சி கிடைத்தது. சீமோர் தீவின் பாறையில் இருந்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான ஒரு கூட்டின் சுவரில் விந்தணுக்களின் உருவம் அப்படியே பதிந்திருந்ததை 2015இல் வெளியிட்டார்கள். மெல்லிய உடம்புள்ள புழுக்கள் புதைபடிவமாகத் தங்குவது அபூர்வம். அவற்றின் கூடுகள் தங்கியிருக்கின்றன.

இனி அட்டைக்கு வருவோம். அட்டையும் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமானது. இனப்பெருக்கக் காலத்தில் அதற்கும் கிளைட்டெல்லம் உண்டு. அதே போலக் கூடு சுரந்து, அதே போல உருவிக்கொண்டு வெளியே வருகிறது. இத்தனை சிக்கலான ஒரு ஏற்பாடு இரண்டு வம்சங்களில் தனித்தனியாக உருவாகியிருக்கும் என்று நம்புவது கடினம். ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் மைக்கேல்சன் 1919இலேயே மண்புழுவையும் அட்டையையும் கிளைட்டெல்லேட்டா என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார். அட்டைகளுக்கு மிக நெருக்கமானவை லம்பிரிகுலிட் என்ற நன்னீர்ப் புழுக்கள் என்றும் அடையாளம் காட்டினார்.

நடுவில் நிற்கும் ஒரு உயிரும் இருக்கிறது. வடதுருவத்தை ஒட்டிய குளிர்ந்த நீரில் சால்மன் இன மீன்களின் மேல் ஒட்டி வாழும் அகந்தோப்டெல்லா. பார்க்க அட்டை, பின்பக்கம் உறிஞ்சி உண்டு. ஆனால் முதல் ஐந்து கண்டங்களில் மண்புழுவைப் போல முட்கள்! ரஷ்ய விலங்கியலாளர் லிவனோவ் 1931இல் இதை வைத்தே அட்டைகளின் பிறப்பை விளக்கினார். அந்தக் கருத்து சரிதான் என்று டி.என்.ஏ. ஆய்வுகள் 2001இல் காட்டின. அட்டைகள் ஆலிகோகீட்டாவின் அருகில் நிற்பவை அல்ல, அதன் உள்ளே முளைத்த கிளை.

அப்படியானால் மண்புழுவையும் டியூபிஃபெக்ஸையும் சேர்த்து அட்டையை மட்டும் விட்டுவிடும் வகுப்பு செல்லாது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரையும் குடும்ப அட்டையில் எழுதிவிட்டு, வேறு தொழிலுக்குப் போய்விட்டான் என்பதற்காக அவர்களில் ஒருவனின் உடன்பிறந்த தம்பியை மட்டும் நீக்குவதற்கு அது சமம். அட்டை தொழிலை மாற்றியது உண்மை. முட்களை இழந்தது. கண்டங்களின் எண்ணிக்கை முப்பதுக்குச் சற்று மேல் நிலைத்துவிட்டது. உள்ளிருந்த திரவ அறைகள் பெரும்பாலும் திசுவால் நிரம்பிவிட்டன. இன்னொன்றையும் அது தொலைத்தது. லம்பிரிகுலஸ் புழுவைப் பல துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும். அட்டையோ வெட்டுப்பட்ட ஒரு கண்டத்தைக்கூடத் திரும்ப வளர்க்காது. அவ்வளவு நெருங்கிய சொந்தங்களுக்குள் இவ்வளவு தூரம். (தோட்டத்து மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்ற நம்பிக்கை தவறு. பெரும்பாலும் தலைப்பக்கத் துண்டுதான் பிழைக்கும், அதுவும் போதுமான நீளம் இருந்தால்.)

இந்த வழக்கின் சாரமே இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு உயிரிடம் ஒன்று இல்லை என்பதை வைத்து அதன் பிறப்பைத் தீர்மானிக்க முடியாது. ஒருபோதும் இல்லாமல் இருப்பதும், இருந்து இழப்பதும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். வளைதசைப் புழுக்களின் வகைப்பாட்டில் நேர்ந்த பெரிய தவறுகள் பலவும் இந்த ஒரே இடத்தில்தான் நேர்ந்திருக்கின்றன.

கடலில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். இந்தோனேசியக் கடலில் டச்சுக்காரர்களின் சிபோகா கப்பல் 1899–1900இல் சேகரித்தவற்றில் நூல் போன்ற சில உயிர்கள் இருந்தன. பிரெஞ்சு விலங்கியலாளர் கொலெரி 1914இல் அவற்றுக்கு சிபோக்லினம் என்று பெயரிட்டார். வாய் கிடையாது, குடல் கிடையாது, கண்டங்களும் தெரியவில்லை. பிற்பாடு இவற்றுக்குப் போகனோஃபோரா என்று தனித் தொகுதியே கொடுத்தார்கள். முதுகெலும்பிகளின் பக்கத்துச் சொந்தமாக இருக்கலாம் என்றுகூட மதிப்புமிக்க அறிஞர்கள் எழுதினார்கள். 1964இல்தான் ஒரு முழு உடம்பு கைக்கு வந்தது. அதுவரை ஆய்வுக் கப்பல்களின் வலை இழுத்துவந்ததெல்லாம் பின்முனை அறுந்துபோன உடம்புகள். சேற்றில் ஆழப் புதைந்திருந்த அந்தச் சிறு பின்முனையில் வரிசையாகக் கண்டங்கள், ஒவ்வொன்றிலும் முட்கள். ஐம்பது ஆண்டுகள் விவாதித்தது பாதி விலங்கை வைத்து!

1977இல் காலபகோஸ் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் ஆல்வின் நீர்மூழ்கி கண்ட ராட்சதக் குழாய்ப்புழு ரிஃப்டியாவும் இந்த வம்சம்தான். இரண்டு மீட்டர் வளரும் அதற்கும் வாயோ குடலோ இல்லை. ஊற்றிலிருந்து வரும் சல்ஃபைடைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்களை உடம்புக்குள் வைத்து வாழ்கிறது. அவற்றுக்கு ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் சுமந்துபோவது ரத்தத்தில் கரைந்த ஒரு ராட்சத ஹீமோகுளோபின்: அறுகோணம், இரண்டு அடுக்கு, மண்புழுவிடம் பார்த்த அதே கட்டமைப்பு. அட்டைகளிடமும் அது உண்டு. சூரியனைப் பார்க்காத கடலடிப் புழுவும், காவிரிப் படுகை வயல்புழுவும், சோலைக்காட்டு அட்டையும் ஒரே வகை ரத்தத்தைப் பூர்விகச் சொத்தாக வைத்திருக்கின்றன. ஆனாலும் 1985இல் ரிஃப்டியாவுக்குத் தனித் தொகுதி கேட்டவர்கள் இருந்தார்கள்.

அடுத்தது கரண்டிப்புழுக்கள். மத்தியதரைக் கடலின் பொனெல்லியா அவற்றில் ஒன்று. அதன் இளம்புழு வெறும் கடல்தரையில் இறங்கினால் பெரும்பாலும் பெண்ணாக வளரும். வளர்ந்த ஒரு பெண்ணின் மேல் இறங்கினால் ஓரிரு மில்லிமீட்டர் ஆணாகி, அவளுடைய உடம்புக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கும். வளர்ந்த பொனெல்லியாவில் கண்டங்களின் தடமே இல்லை. அதனால் கரண்டிப்புழுக்களும் நீண்ட காலம் தனித் தொகுதியாக இருந்தன. 1997இல் டாவ்னிட் மெக்ஹ்யூ ஒரு மரபணுவை ஒப்பிட்டு, கரண்டிப்புழுக்களும் போகனோஃபோராவும் வளைதசைப் புழுக்களே என்று காட்டினார். இளம்பருவக் கரண்டிப்புழுவின் நரம்புத்தண்டில் செல்கள் கண்டம் கண்டமாக அடுக்கப்பட்டிருப்பதைப் பின்னர் நுண்ணோக்கியிலும் பார்த்தார்கள். உடம்பு மறந்துவிட்டதை நரம்பு வைத்திருந்தது.

சிபன்குலா என்ற கடலைப்புழுக்களின் இடம் இன்னும் முழுதாக அமைதி அடையவில்லை. சீனாவின் ஃபுஜியன் கரையில் இவற்றை வேகவைத்து உறையவைத்துச் சாப்பிடுகிறார்கள். 2007க்குப் பிந்தைய பெரிய மரபணு ஆய்வுகள் இவற்றை வளைதசைப் புழுக்களுக்குள், மரத்தின் அடிப்பக்கத்தில் வைக்கின்றன. ஆனால் சீனாவின் செங்ஜியாங் பாறைகளில் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலைப்புழுக்கள், ஏறக்குறைய இன்றைய வடிவிலேயே கிடைத்திருக்கின்றன. அத்தனை பழங்காலத்திலேயே கண்டங்களை இழந்துவிட்டனவா, அல்லது கண்டங்கள் முழுதாக அமைவதற்கு முன்பே பிரிந்துவிட்டனவா என்ற கேள்வி எளிதில் தீராது.

மெக்ஹ்யூவின் ஆய்வு வந்த அதே 1997இல் இன்னொரு பழைய கட்டடமும் சரிந்தது. கண்டங்கள் உள்ள உடம்பு என்ற ஒற்றுமையை வைத்து மண்புழுவையும் பூரானையும் பூச்சிகளையும் ஒரே கூட்டில் சேர்த்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சொன்னது ஏறத்தாழ 180 ஆண்டுகள் பாடமாக இருந்தது. பூச்சிகளும் பூரான்களும் தோல் உரிக்கும் விலங்குகளோடு, அதாவது உருளைப்புழுக்களோடு சேர்ந்தவை என்று அந்த ஆண்டின் ஆய்வு சொல்லியது. மண்புழுவின் பக்கம் நிற்பவை நத்தையும் சிப்பியும். கடலில் வாழும் வளைதசைப் புழுக்கள் பலவற்றின் இளம்புழுவும் சிப்பியின் இளம்பருவமும், இடுப்பில் மயிரிழை வளையம் சுற்றி நீந்தும் ஒரே வடிவம். அந்தச் சான்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்டங்களின் கவர்ச்சி அதை மறைத்துவிட்டது.

மண்புழுக்களுக்குள்ளேயே நடக்கும் சண்டை வேறு மாதிரியானது. வெளியே பார்த்து மண்புழுவின் சிற்றினத்தைச் சொல்வது பெரும்பாலும் முடியாது. கீறிப் பார்த்து, விந்துப் பைகள் எந்தக் கண்டத்தில், புராஸ்டேட் சுரப்பி எந்த வடிவம், கழிவுநீக்க நெஃப்ரீடியங்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். இவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதில்தான் அறிஞர்கள் மோதினார்கள். லாகூரில் பணியாற்றிய ஜான் ஸ்டீஃபன்சன் 1923இல் இந்திய மண்புழுக்களைத் தொகுத்தார். அவருடைய காலத்து வகைப்பாடு இனப்பெருக்க உறுப்புகளையே பெரிதும் நம்பியது. ரங்கூனில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜி. ஈ. கேட்ஸ் அதை எதிர்த்தார். குடல், ரத்தக்குழாய், நெஃப்ரீடியம் போன்ற உள்ளுறுப்புகள்தான் மெதுவாக மாறுபவை, அவற்றைப் பாருங்கள் என்றார். கேட்ஸின் பக்கம் வலுவான காரணம் இருந்தது. பல மண்புழுக்கள் துணையின்றியே கருவுறாத முட்டையிலிருந்து பெருகுகின்றன. அப்படிப் பெருகும் வம்சங்களில் ஆண் துளைகளும் விந்துப் பைகளும் மறைந்துபோகும். சிற்றினத்தை அடையாளம் காட்ட வேண்டிய உறுப்பே இல்லாத புழுவை என்ன பெயரிட்டு அழைப்பது? இங்கேயும் இழப்புதான் குழப்பத்தின் வேர்.

லக்னோவின் கே. என். பால் 1926இல் பெரிடிமா பற்றி எழுதிய நூலைக் கொண்டு இந்தியாவில் பல தலைமுறை மாணவர்கள் மண்புழுவைக் கீறிப் பழகினார்கள். அந்தப் புழுவின் நெஃப்ரீடியங்களில் பெரும்பகுதி கழிவைக் குடலுக்குள்ளேயே கொட்டுகின்றன, அதனால் தண்ணீர் வீணாகாமல் திரும்பக் கிடைக்கிறது என்று கண்டவர் அவர். கோடையில் வெடிக்கும் மண்ணில் பிழைக்க அருமையான உபாயம். 1972இல் பெரிடிமா பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. பால் ஆராய்ந்த புழு இன்று மெட்டாஃபைர் போஸ்துமா. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட லம்பிரிகஸ் டெரஸ்டிரிஸ்கூடத் தப்பவில்லை. ஐரோப்பாவின் ஆய்வகங்களில் அந்தப் பெயரில் இருந்தவை இரண்டு சிற்றினங்கள் என்று 2010இல் டி.என்.ஏ. காட்டியது.

பெயர்ச் சண்டை அறிஞர்களோடு நிற்கட்டும் என்று விட முடியாது. மண்புழுக்கள் வாழும் முறையை பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் பூஷே 1977இல் மூன்றாகப் பிரித்தார்: மேற்பரப்பின் குப்பையில் வாழ்பவை, மண்ணுக்குள் மண்ணைத் தின்று வாழ்பவை, ஆழத்தில் வளை வைத்து மேலே வந்து இலையை இழுத்துப்போகிறவை. நம் ஊரில் மண்புழு உரத்துக்கு அதிகம் பழகியவை ஆப்பிரிக்காவின் யூட்ரிலஸ் யூஜினியேயும் ஐரோப்பாவின் ஐசீனியாவும். இரண்டும் குப்பைப் புழுக்கள். தொட்டியில் சாணத்தை வேகமாக உரமாக்கும். வயலில் கொண்டுபோய் விட்டால் மண்ணைக் குடைந்து உழாது. அந்த வேலை லாம்பிட்டோ போன்ற நம் மண்ணின் புழுக்களுடையது. சென்னையின் மண்புழு ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில் பல ஆண்டுகளாக உள்ளூர்ப் புழுக்களையே வலியுறுத்தி வருவதன் காரணமும் இதுதான். லாம்பிட்டோவுக்கும் யூட்ரிலஸ் யூஜினியேவுக்கும் பெயரிட்டவர் ஒருவரே. 1851–53இல் உலகைச் சுற்றிய சுவீடனின் யூஜினி கப்பலில் போன கின்பெர்க். தென்னிந்தியப் புழுவை அவர் மொரீஷியஸ் பெயரால் பதிவு செய்தார். மனிதர்களோடும் செடித்தொட்டிகளோடும் புழுக்கள் அதற்குள்ளேயே கடல் தாண்டியிருந்தன.

அப்படித் தாண்டிய புழுக்கள் வட அமெரிக்காவில் செய்வது நல்ல பாடம். பனியுகத்தில் அங்கே வடபகுதிக் காடுகள் மண்புழுவே இல்லாமல் ஆகியிருந்தன. குடியேறிகளோடு வந்த ஐரோப்பியப் புழுக்கள் காட்டுத் தரையின் இலைமெத்தையைத் தின்று தீர்க்கின்றன. இப்போது ஆசியாவின் துள்ளும் புழுக்களும் சேர்ந்துவிட்டன. ஒன்றோடொன்று கலந்து வாழும் மூன்று சிற்றினங்கள், அவற்றின் பல புழுக்களில் ஆண் துளையே இல்லை. எது எங்கே பரவுகிறது என்று சொல்லவே டி.என்.ஏ. தேவைப்படுகிறது. உழவனின் நண்பன் என்ற பெயர் எல்லா மண்ணிலும் எல்லாப் புழுவுக்கும் பொருந்தாது.

அந்தப் பெயரை உலகறியச் செய்தது டார்வினின் கடைசி நூல். 1881இல், இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு வெளியானது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடம்பு வழியாகப் போய்வருகிறது என்று அவர் கணக்கிட்டார். பத்தாண்டு கழித்து, 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை நாங்கூழ்ப் புழுவின், அதாவது மண்புழுவின், உழைப்பை ஒரு பாத்திரத்தின் வாயால் மனமாரப் போற்றியிருக்கிறார். அந்த மரியாதைக்குத் தகுந்த அறிவு நம் பாடநூலிலும் இருக்க வேண்டும். ஆலிகோகீட்டா, ஹிருடினியா என்ற இரண்டு வகுப்புகளையும் விட்டுவிட்டு, மண்புழு, டியூபிஃபெக்ஸ், அட்டை மூன்றையும் கிளைட்டெல்லேட்டாவின் கீழ் எழுதலாம். சான்று போதிய அளவு வந்துவிட்டது. ஆசிரியர்கள் புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வகுப்பிலேயே பிள்ளைகளிடம் அட்டையின் கிளைட்டெல்லத்தைப் பற்றிச் சொல்லுங்கள். உரத்தொட்டிக்குப் புழு வாங்குகிறவர்கள் அது எந்தப் புழு என்று பெயர் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் புழுவைக் காட்டோரத்தில் கொட்டாதீர்கள்.